பவுண்டேஷன் காசு, கம்பெனி காசு: மருத்துவ உதவிக்கு நிதி எப்படி வருது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சின்ன சுகாதார அமைப்புல நிதி கேட்டு ப்ரொபோசல் எழுதுறதும், வந்த காசுக்கு ரிப்போர்ட் எழுதுறதுமா ரொம்ப வருஷம் வேலை பார்த்திருக்கேன். புதுசா டிரஸ்ட் ஆரம்பிக்கிறவங்க, நன்கொடை குடுக்கலாம்னு நினைக்கிறவங்க, கம்பெனில சிஎஸ்ஆர் (கம்பெனி சமூகத்துக்காக பண்ற செலவு) டீம்ல சேர்ந்தவங்கன்னு பல பேர் என்கிட்ட திரும்பத் திரும்ப கேட்ட கேள்விங்கதான் இதெல்லாம். எவ்வளவு காசுங்கிற நம்பரை விட, எத்தனை வருஷத்துக்கு வருது, எதுக்கு செலவு பண்ண விடுறாங்க, இந்த ரெண்டையும் முதல்ல பாருங்கன்னுதான் எல்லாருக்கும் சொல்லுவேன். கீழ இருக்குற பதில்ல பாதிக்கு மேல அதையே சுத்திதான் வரும்.

பவுண்டேஷன் குடுக்குற காசு, கம்பெனி குடுக்குற காசு, ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லைங்க, ரெண்டும் வேற வேற பாக்கெட்ல இருந்து வருது. பெரிய தனியார் பவுண்டேஷன்னா பெரும்பாலும் ஒருத்தர் தன்னோட சொத்தை மொத்தமா ஒரு மூலதனமா போட்டு வச்சிருப்பார், அதை ஷேர், பாண்டுன்னு முதலீடு பண்ணி அதுல வர்ற வருமானத்துல இருந்து குடுத்துக்கிட்டே இருப்பாங்க, அதனால வியாபாரம் டல்லா இருக்குற வருஷமும் பணம் வரும். கம்பெனி காசு அப்படி இல்ல, அந்த வருஷத்து லாபத்துல இருந்து வர்றது, லாபம் குறைஞ்சா முதல்ல வெட்டு விழுறது அங்கதான். கம்பெனிக்குள்ளயே சிஎஸ்ஆர் பட்ஜெட் தனி, மார்க்கெட்டிங் பட்ஜெட் தனி. ஒரு நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் பண்றதும், "இதை வாங்கினா இவ்வளவு நன்கொடை"னு விளம்பரம் வர்றதும் நிறைய நேரம் மார்க்கெட்டிங் பக்கத்துல இருந்து வர்ற பணம். எந்த பாக்கெட்ல இருந்து வருதோ அந்த டிபார்ட்மென்ட் எதிர்பார்க்குறதும் கூடவே வரும்.

ரெண்டும் கலந்த கேஸும் உண்டு. ஹென்றி வெல்கம் 1936ல இறந்தப்ப தன்னோட மருந்து கம்பெனியவே டிரஸ்ட் கையில விட்டுட்டு போனார், அதுதான் இன்னைக்கு பிரிட்டன்ல இருக்குற வெல்கம் டிரஸ்ட். அவங்க கொஞ்சம் கொஞ்சமா கம்பெனி பங்குகளை வித்து வெளிய வந்தாங்க, 1995ல அந்த கம்பெனி கிளாக்ஸோவோட சேர்ந்துடுச்சு, இப்ப டிரஸ்ட்டோட முதலீடு பல இடத்துல பரவிக் கிடக்கு. டென்மார்க்ல நோவோ நோர்டிஸ்க் பவுண்டேஷன் இதுக்கு நேர் எதிர், இன்னைக்கும் அந்த மருந்து கம்பெனியோட கட்டுப்பாடு பவுண்டேஷன் கையிலதான். கம்பெனி மருந்து நல்லா வித்தா பவுண்டேஷன் பெருசாகும்.

வருஷத்துக்கு இவ்வளவு குடுத்தே ஆகணும்னு சட்டம் இருக்கா?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவுல தனியார் பவுண்டேஷன்கள் வருஷா வருஷம் சொத்து மதிப்புல சுமார் 5 சதவீதமாவது செலவு பண்ணணும். 1969 வரிச் சட்டத்துல ஆரம்பிச்ச விதி இது, சதவீதம் பின்னாடி மாறி இப்ப 5ல நிக்குது. ஆனா அந்த 5 சதவீதத்துக்குள்ள அவங்க நிர்வாகச் செலவையும் கணக்குல சேர்த்துக்கலாம்.

இந்தியாவுல 2013 கம்பெனி சட்டத்தோட 135வது பிரிவு கம்பெனிகளையே கட்டாயப்படுத்துது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், இல்ல விற்றுமுதல் 1000 கோடி, இல்ல நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்ட கம்பெனி முந்தின மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்தை சமூகத்துக்கு செலவு பண்ணணும். 2014 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கு, செலவு பண்ணலாம்னு குடுத்திருக்குற பட்டியல்ல சுகாதாரமும் ஒண்ணு. பல நாட்டுல இது முழுக்க முழுக்க கம்பெனியோட இஷ்டம்தான்.

எந்த நோய்க்கு குடுக்கணும்னு யார் முடிவு பண்றா?

காசு வச்சிருக்கவங்கதான், நேராவே சொல்லிடலாம். நிறுவனருக்கு எது மனசுல பட்டுச்சோ அது, போர்டுல இருக்கவங்க எதை நம்புறாங்களோ அது. எண்ணெய் வியாபாரத்துல பெரும் பணக்காரரான ராக்ஃபெல்லர் 1909ல அமெரிக்கத் தென்மாநிலங்கள்ல கொக்கிப்புழுவை ஒழிக்க 10 லட்சம் டாலர் குடுத்தார். வெறுங்காலோட நடக்குற மண்ணுல இருந்து உடம்புக்குள்ள போய் ரத்தத்தை உறிஞ்சுற புழு அது. அதை ஏன் எடுத்தாங்கன்னா நோயைக் கண்டுபிடிக்க மைக்ரோஸ்கோப் போதும், மருந்து மலிவு, சோர்ந்து கிடந்த ஆள் கொஞ்ச நாள்ல எழுந்து வேலைக்கு போறதை ஊரே பார்க்கும். இன்னைக்கு வரைக்கும் நிதி குடுக்குறவங்களுக்கு பிடிச்ச திட்டம் இந்த மாதிரிதான் இருக்கு, எண்ணிக் காட்ட முடியணும், சீக்கிரம் பலன் தெரியணும்.

அதனால தடுப்பூசிக்கு பணம் கிடைக்கும், ஏன்னா எத்தனை டோஸ்னு சொல்லலாம். வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிட வேண்டிய பிபி, சுகர், மனநலம், வலி குறைப்பு சிகிச்சை இதுக்கெல்லாம் கேட்டுப் பாருங்க, எவ்வளவு கஷ்டம்னு தெரியும். உலகத்துல நடக்குற சாவுல பெரும்பங்கு இதய நோய், கேன்சர், சுகர் மாதிரி தொற்றாத நோய்களால, ஆனா ஏழை நாடுகளுக்கு வர்ற சுகாதார உதவில அதுக்கு ஒதுக்குறது ரொம்ப ரொம்பச் சின்ன பங்கு. குடுக்குறவங்க கெட்டவங்கன்னு நான் சொல்ல வரல. ஆனா நோயாளி எண்ணிக்கையும் காசு போற திசையும் ஒத்துப்போகாதுங்கிறதை தெரிஞ்சு வச்சுக்கணும்.

ஒரு அமைப்புக்கு காசு வர்றது எப்படி நடக்குது?

முதல்ல ரெண்டு பக்கத்துல ஒரு கான்செப்ட் நோட் கேப்பாங்க. பிடிச்சிருந்தா முழு ப்ரொபோசல், பட்ஜெட், எத்தனை பேருக்கு என்ன பலன்னு ஒரு அட்டவணை. அப்புறம் பழைய ஆடிட் ரிப்போர்ட், பதிவுச் சான்றிதழ் எல்லாம் பார்த்து, சில பேர் நேர்ல வந்து பார்த்து, ஒப்பந்தம் போட்டு, காசை ரெண்டு மூணு தவணையா பிரிச்சு அனுப்புவாங்க. முதல் தவணையை செலவு பண்ணி கணக்கு காட்டினாதான் ரெண்டாவது தவணை. சின்ன அமைப்புகள் மாட்டிக்கிறது இங்கதான், ரிப்போர்ட் போய் அவங்க ஒப்புதல் குடுத்து பணம் வர்றதுக்குள்ள ரெண்டு மூணு மாசம் ஓடிடும், ஆனா ஊழியர் சம்பளம் மாசக் கடைசியில குடுத்தாகணும்.

பட்ஜெட்ல பேச்சுவார்த்தை வர்ற இடம் எப்பவும் ஒரே இடம். ஒரு தடவை நாங்க மூணு நர்ஸ், ஒரு வண்டி, மருந்து, ஒரு கணக்காளர்னு போட்டு அனுப்பினோம். மருந்தையும் வண்டியையும் அப்படியே ஓகே பண்ணிட்டு, நர்ஸை ஒண்ணாக்கி, கணக்காளரை அடிச்சுட்டு திருப்பி அனுப்பினாங்க, ஆனா காலாண்டுக்கு ஒரு கணக்கு ரிப்போர்ட் வேணும்ங்கிற நிபந்தனை மட்டும் அப்படியே இருந்துச்சு. அந்த ரிப்போர்ட்டை ராத்திரி உட்கார்ந்து எழுதினது அந்த ஒரே நர்ஸ்தான், பகல்ல வீடு வீடா போய் பிரஷர் பார்த்துட்டு வந்து.

நிர்வாகச் செலவு கம்மியா இருக்குற அமைப்புதானே நல்ல அமைப்பு?

இந்த நினைப்புதான் பல நல்ல அமைப்பை உள்ளேயே அரிச்சிருக்கு. வாடகை, கரண்ட் பில், ஆடிட், மருந்து ஸ்டாக் பார்க்குற ஆள், கம்ப்யூட்டர், இதெல்லாம் இல்லாம ஒரு நோயாளிக்கும் மருந்து போய்ச் சேராது. கேட்ஸ் பவுண்டேஷன் மாதிரி பெரிய இடங்களே மறைமுகச் செலவுன்னு ஒரு சதவீதம் ஒத்துக்குறாங்க, அவங்க விதிப்படி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு 10 சதவீதம் வரைக்கும், தொண்டு நிறுவனங்களுக்கு 15 வரைக்கும். ரெண்டு சதவீதம்தான் நிர்வாகச் செலவுன்னு ஒரு அமைப்பு பெருமையா போட்டிருந்தா, ஒண்ணு அந்தச் செலவை வேற தலைப்புல போட்டிருக்காங்க, இல்ல யாரோ சம்பளம் இல்லாம வேலை பார்க்குறாங்க. திருடுற அமைப்பும் இருக்கு, மறுக்கல. ஆனா அதைக் கண்டுபிடிக்க ஆடிட் அறிக்கையை படிக்கணும், ஒரு சதவீதத்தை வச்சு தெரியாது.

"ரெஸ்ட்ரிக்டட்" நிதின்னா என்ன?

இதுக்குத்தான் செலவு பண்ணணும், வேற எதுக்கும் தொடக்கூடாதுன்னு கட்டிப்போட்டு குடுக்குற காசு. எதுக்கு வேணா செலவு பண்ணிக்கலாம்னு குடுத்தா அன்ரெஸ்ட்ரிக்டட், அது தங்கம் மாதிரி, அபூர்வமாதான் கிடைக்கும்.

இதோட பாதிப்பு சின்ன அமைப்புக்கு மட்டும்னு நினைக்காதீங்க, உலக சுகாதார நிறுவனத்துக்கே இதே கதைதான். உறுப்பு நாடுகள் கட்டுற சந்தா பல வருஷமா மொத்த பட்ஜெட்ல அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல, மீதி எல்லாம் நாடுகளும் பவுண்டேஷன்களும் விருப்பப்பட்டு குடுக்குறது, அதுல பெரும்பகுதி "இந்தத் திட்டத்துக்கு"ன்னு பேர் எழுதி வர்றது. கேட்ஸ் பவுண்டேஷன் அங்க முதல் சில பெரிய நன்கொடையாளர்கள்ல ஒண்ணு, அதுல பெரிய பங்கு போலியோவுக்கு போச்சு. போலியோவுக்கு காசு இருக்கும், திடீர்னு ஒரு புதுத் தொற்று கிளம்பினா அதுக்கு கையில இருக்காது. இந்த நிலைமை சரியில்லன்னு 2022ல உறுப்பு நாடுகளே கூடி, 2030–31க்குள்ள அடிப்படை பட்ஜெட்ல பாதியை சந்தாவாவே கட்டுறதா ஒத்துக்கிட்டாங்க.

மெஷின், கட்டடம் எல்லாம் குடுக்குறாங்களே, நல்லதுதானே?

நல்லதுதான், ஓடுற வரைக்கும்.

எங்களுக்கு ஒரு கம்பெனி ஸ்கேன் மெஷின் குடுத்துச்சு. ரிப்பன் வெட்டு, போட்டோ, மெஷின் மேல கம்பெனி லோகோ ஸ்டிக்கர், எல்லாம் ஆச்சு. முதல் ஒன்பது பத்து மாசம் கர்ப்பிணிப் பெண்கள் வரிசையா வந்தாங்க, முன்னாடி இதுக்காக பாதி நாள் பஸ்ல போனவங்க. அப்புறம் வயித்து மேல வச்சு பார்ப்போமே அந்த ப்ரோப், அது கெட்டுப்போச்சு. புதுசு வாங்க மெஷின் விலையில நல்ல ஒரு பங்கு கேட்டாங்க. கம்பெனிக்கு எழுதினோம், பொருள் வாங்க மட்டும்தான் எங்க பாலிசில இடம் இருக்கு, பராமரிப்புக்கு இல்லன்னு பதில் வந்துச்சு, அடுத்த வருஷம் வேணும்னா இன்னொரு புது மெஷினுக்கு அப்ளை பண்ணச் சொன்னாங்க. ப்ரோப் மட்டும் குடுக்க முடியாது, முழு மெஷின் குடுக்கலாம். அந்தப் பழைய மெஷின் ரொம்ப நாள் பிளாஸ்டிக் கவர் போட்டு மூலையில நின்னுச்சு, ஸ்டிக்கர் மட்டும் புதுசு மாதிரி இருந்துச்சு. அதைப் பார்த்துட்டு திரும்பவும் பஸ் ஏறப் போன பெண்களோட முகம் எனக்கு இன்னும் மறக்கல.

மெஷின் குடுக்க வர்றவங்ககிட்ட அஞ்சு வருஷ சர்வீஸ் கான்ட்ராக்ட், உதிரிபாகம், ஓட்டுற டெக்னீஷியன் பயிற்சி, மூணையும் சேர்த்து கேளுங்க. கேட்டா கோவிச்சுக்குவாங்களோன்னு பயப்பட வேண்டாம், விஷயம் தெரிஞ்சவங்க சந்தோஷப்படுவாங்க.

மருந்து கம்பெனிங்க மருந்தை இலவசமா குடுக்குறது உண்மையா உதவுதா?

நல்லா உதவின உதாரணம் ஒண்ணு, வேண்டாம்னு சொன்ன உதாரணம் ஒண்ணு, குப்பையான உதாரணம் ஒண்ணு, மூணையும் சொல்றேன்.

ஆத்தோரத்துல பறக்குற ஒரு கருப்பு ஈ கடிச்சு புழு உடம்புல பரவி, தாங்க முடியாத அரிப்பு வந்து கடைசியில கண்ணே போயிடும், ஆத்துக் குருட்டு நோய்னு சொல்லுவாங்க. அதுக்கு ஐவர்மெக்டின் நல்லா வேலை செய்யுதுன்னு தெரிஞ்சதும், வாங்க வேண்டியவங்க கையில காசே இல்லைங்கிறதும் தெரிஞ்சுது. 1987ல மெர்க் கம்பெனி, தேவைப்படுற வரைக்கும் தேவைப்படுற அளவு சும்மாவே குடுக்குறோம்னு அறிவிச்சுது. இதுல "தேவைப்படுற வரைக்கும்"தான் உயிர் நாடி. ஏன்னா அந்த மருந்து குட்டிப் புழுவைத்தான் கொல்லும், பெரிய புழு உடம்புக்குள்ள வருஷக்கணக்கா உயிரோட இருந்து குட்டி போட்டுக்கிட்டே இருக்கும், அதனால ஊர் முழுக்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது பத்து பதினைஞ்சு வருஷம் விடாம குடுக்கணும். மூணு வருஷ ப்ராஜெக்ட்னு குடுத்திருந்தா அத்தனையும் வீண். எடை பார்க்க தராசு கூட வேண்டாம், அளவு குறிச்ச ஒரு குச்சி பக்கத்துல ஆளை நிக்க வச்சு உயரத்தை பார்த்து எத்தனை மாத்திரைன்னு முடிவு பண்ணுவாங்க, அந்த ஊர்க்காரங்களே குடுத்துடுவாங்க. கொலம்பியா 2013ல இந்த நோய் பரவல் நின்ன முதல் நாடா அங்கீகாரம் வாங்குச்சு, அப்புறம் எக்வடார், மெக்சிகோ, குவாத்தமாலா, 2025ல ஆப்பிரிக்காவுல முதல் நாடா நைஜர்.

அடுத்தது, 2016ல எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, ஃபைசர் குடுக்க வந்த 10 லட்சம் டோஸ் நிமோனியா தடுப்பூசியை வேண்டாம்னு சொல்லிடுச்சு. இலவசமா குடுக்குறதை வேண்டாங்கிறதான்னு நிறைய பேருக்கு கோவம். அவங்க சொன்ன காரணம், இலவசம்ங்கிறது கம்பெனி நினைச்சா நிறுத்தக்கூடியது, எங்களுக்கு வேணும்ங்கிறது எல்லா ஏழை நாடும் வாங்குற மாதிரி விலை குறையுறது, நன்கொடையை வாங்கிக்கிட்டா விலையை பத்தி கேட்குற குரல் அடங்கிடும். நான் அந்த முடிவை மதிக்கிறேன், ஆனா அன்னைக்கு ஊசி கிடைக்காம போன குழந்தைங்களை நினைச்சா மனசு சும்மா இருக்காது, இதுல சுலபமான பதில் கிடையாது.

மூணாவது, 1992–96 போஸ்னியா போர் சமயத்துல வந்த மருந்துல காலாவதி ஆனது, யாருக்கும் புரியாத லேபிள் ஒட்டினது, தேவையே இல்லாததுன்னு சுமார் 17,000 டன் பயனில்லாம குவிஞ்சுது, அதை அழிக்கவே தனியா பணம் தேட வேண்டிய நிலைமை. அதனாலதான் நன்கொடை மருந்து வந்து இறங்குறப்ப குறைஞ்சது ஒரு வருஷ ஆயுளாவது மீதி இருக்கணும், வாங்குற நாடு கேட்டிருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் வழிமுறை போட்டு வச்சிருக்கு.

"இதை வாங்கினா கேன்சர் ஆராய்ச்சிக்கு போகும்"னு வர்ற பொருளை நம்பலாமா?

நாலு விஷயம் பார்க்கணும். ஒரு பொருளுக்கு எவ்வளவு போகுது, எந்த அமைப்புக்கு போகுது, "அதிகபட்சம் இவ்வளவு"ன்னு உச்சவரம்பு இருக்கா, அந்தப் பொருளே உடம்புக்கு கெடுதலா. உச்சவரம்புதான் பலருக்கு தெரியாது. கம்பெனி ஒரு தொகையை முதல்லயே முடிவு பண்ணிடும், அந்த அளவு விற்பனை ஆனதுக்கு அப்புறம் நீங்க வாங்குறதுல ஒரு பைசா கூட போகாது, ஆனா மார்பகப் புற்றுநோயைக் குறிக்கிற பிங்க் ரிப்பன் படம் அட்டையில இருந்துக்கிட்டே இருக்கும்.

அந்த ரிப்பனுக்கே ஒரு கதை உண்டு. 1990கள் ஆரம்பத்துல சார்லட் ஹேலிங்கிற அமெரிக்கப் பெண் பீச் பழ நிறத்துல ரிப்பனை வீட்டுலயே வெட்டி, கேன்சர் வராம தடுக்குறதுக்கு அரசு இன்னும் அதிகமா ஒதுக்கணும்னு கேட்குற அட்டையில குத்தி கையால குடுத்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு பத்திரிகையும் எஸ்டீ லாடர் அழகுசாதன கம்பெனியும் சேர்ந்து செய்யலாமான்னு கேட்டப்ப, இது வியாபாரமாகிடும்னு மறுத்துட்டாங்க. உடனே நிறத்தை பிங்க்கா மாத்தி 1992ல பெரிய அளவுல கொண்டு வந்தாங்க. விழிப்புணர்வு வந்துச்சு, பரிசோதனைக்கு போக வெட்கப்பட்ட பெண்கள் போக ஆரம்பிச்சாங்க, அதை குறைச்சு சொல்ல மாட்டேன். ஆனா அந்த அட்டையில இருந்த கேள்வி காணாம போச்சு. 2010ல கேஎஃப்சி பிங்க் பக்கெட்ல பொரிச்ச கோழி வித்து, பக்கெட்டுக்கு 50 சென்ட் கோமென் மார்பகப் புற்றுநோய் அமைப்புக்கு குடுத்தப்ப, உடல் எடைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கே, இது என்ன பொருத்தம்னு நோயாளிகளே கேட்டாங்க, நியாயமான கேள்வி.

நேர்மையா நடந்ததும் உண்டு. 2006ல ஆரம்பிச்ச ரெட் திட்டம், சிவப்பு லேபிள் போட்ட பொருள்கள் மூலமா எய்ட்ஸுக்கு எதிரா வேலை செய்யுற குளோபல் ஃபண்டுக்கு 60 கோடி டாலருக்கு மேல சேர்த்துக் குடுத்திருக்கு.

காசு குடுக்குற கம்பெனி ஆராய்ச்சி முடிவை மாத்துமா?

நேரா வந்து முடிவை மாத்தி எழுதுன்னு யாரும் சொல்றதில்ல. எந்தக் கேள்வியை கேட்கணும்ங்கிறதை மாத்தினாலே போதுமே. 2015ல அமெரிக்காவுல ஒரு விஞ்ஞானிகள் குழு, உடல் பருமனுக்கு சாப்பாட்டை விட உடற்பயிற்சி குறைவுதான் பெரிய விஷயம்னு பேசிக்கிட்டு இருந்துச்சு, பின்னாடி கோகோ-கோலா பணம் இருந்தது வெளிய வந்ததும் அந்த வருஷமே குழு கலைஞ்சுது. 2017ல ஃபிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனி புகையில்லா உலகத்துக்குன்னு ஒரு பவுண்டேஷனுக்கு வருஷம் 8 கோடி டாலர் வீதம் 12 வருஷத்துக்கு தர்றதா சொன்னப்ப, உலக சுகாதார நிறுவனம் நாங்க சேர மாட்டோம், அரசுகளும் சேர வேண்டாம்னு அறிவிச்சுது.

நோயாளிகளுக்காகப் பேசுற அமைப்புகள் விஷயத்துல இன்னும் கவனம் வேணும். அமெரிக்கன் பெயின் பவுண்டேஷன்னு ஒண்ணு வலில தவிக்கிறவங்களுக்காக பேசுச்சு, 2010ல அதோட வருமானத்துல சுமார் 90 சதவீதம் மருந்து, மருத்துவக் கருவி கம்பெனிகள்ல இருந்து வந்துச்சு, ஓபியாய்டுங்கிற அபின் வகை வலிமருந்தோட ஆபத்தை குறைச்சு சொன்னாங்கன்னு குற்றச்சாட்டு வந்துச்சு. 2012ல செனட் விசாரணை ஆரம்பிச்ச சமயத்துல மூடிட்டாங்க. ஒரே ஒருத்தர் கையில இருந்து பாதிக்கு மேல வருமானம் வந்தா, அந்த ஒருத்தருக்கு பிடிக்காததை பேசுற தைரியம் மெல்ல மெல்ல போயிடும், இதை நான் நல்ல மனுஷங்ககிட்டயே பார்த்திருக்கேன்.

நன்கொடை போட்டு மருந்து கண்டுபிடிச்சு, அதுல பவுண்டேஷனே லாபம் பார்க்குதாமே?

நடந்திருக்கு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்னு நுரையீரல்ல கெட்டியான சளி அடைக்கிற பரம்பரை நோய், நோயாளிகள் எண்ணிக்கை கம்மி, அதனால கம்பெனிகளுக்கு ஆர்வம் இல்ல. அந்த நோய்க்கான அமெரிக்க பவுண்டேஷன், பின்னாடி வெர்டெக்ஸ்ங்கிற மருந்து கம்பெனி வாங்கின ஒரு சின்ன கம்பெனியில காசை போட்டு ஆரம்பிச்சு, மொத்தமா சுமார் 15 கோடி டாலர் வரைக்கும் குடுத்துச்சு, மருந்து வந்தா ராயல்டி, அதாவது விற்பனையில ஒரு பங்குன்னு ஒப்பந்தம். 2012ல கலிடெகோங்கிற மருந்து வந்துச்சு, 2014ல அந்த ராயல்டி உரிமையை 330 கோடி டாலருக்கு வித்தாங்க, அந்தப் பணம் திரும்ப ஆராய்ச்சிக்கே போகுது. உயிர் காக்குற மருந்து, சந்தேகமே இல்ல. ஆனா வெளிவந்தப்ப விலை வருஷத்துக்கு கிட்டத்தட்ட 3 லட்சம் டாலர். பெத்தவங்க கேக் வித்து, ஓட்டப்பந்தயம் நடத்தி சேர்த்த காசுல ஆரம்பிச்ச மருந்துக்கு இந்த விலைன்னு அவங்கள்லயே சில பேர் வேதனைப்பட்டாங்க.

விலையை முதல்லயே பேசி முடிச்ச உதாரணம் இருக்கா?

இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். ஆப்பிரிக்காவுல சகாரா பாலைவனத்துக்கு தெக்கே இருக்குற நாடுகள்ல வறண்ட காத்து வீசுற மாசங்கள்ல ஏ வகை மூளை உறைக் காய்ச்சல் (மெனின்ஜைட்டிஸ்) அலையா வரும். 2001ல கேட்ஸ் பவுண்டேஷன் 7 கோடி டாலர் குடுத்து, பாத்ங்கிற சுகாதாரத் தொண்டு அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வேலையை ஆரம்பிச்சாங்க. முதல்ல போய் அந்த நாடுகளோட சுகாதார அதிகாரிகளை கேட்டாங்க, ஒரு டோஸ் அரை டாலரைத் தாண்டினா எங்களால தொடர முடியாதுன்னு அவங்க தெளிவா சொன்னாங்க. அப்ப அந்த விலைக்குள்ள செய்ய முடியுற தயாரிப்பாளர் யாருன்னு தேடி இந்தியாவோட சீரம் இன்ஸ்டிடியூட்டை பிடிச்சாங்க. 2010 டிசம்பர்ல புர்கினா ஃபாசோவுல ஊசி போட ஆரம்பிச்சு, போட்ட இடங்கள்ல ஏ வகை கிட்டத்தட்ட மறைஞ்சே போச்சு. மருந்து கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் விலை பேசினா பேரம்தான் நடக்கும், இங்க விலையில ஆரம்பிச்சு மருந்துக்கு வந்தாங்க.

எங்கள மாதிரி சாதாரண ஆளுங்க குடுக்குற சின்ன தொகையால என்ன ஆகும்?

நிறைய ஆகும். 1938ல அமெரிக்காவுல போலியோவுக்காக ஆளுக்கு ஒரு டைம் நாணயம், அதாவது பத்து சென்ட், வெள்ளை மாளிகைக்கு அனுப்பச் சொன்னாங்க, மூட்டை மூட்டையா வந்துச்சு, அப்படி சேர்த்த காசுதான் சால்க் தடுப்பூசிக்கு பின்னாடி நின்னுச்சு, 1955ல ஊசி வந்தாச்சு. 2014ல தலையில ஐஸ் தண்ணி ஊத்திக்கிட்ட சவாலால, தசையை இயக்குற நரம்புகளை அழிக்கிற ஏஎல்எஸ் நோய்க்கான சங்கத்துக்கு சுமார் 11.5 கோடி டாலர். அந்தக் காசு உதவின ஆராய்ச்சியில 2016ல அந்த நோயோட தொடர்புள்ள ஒரு மரபணுவையும் கண்டுபிடிச்சாங்க. ஆனா அப்படி ஒரே வருஷத்துல கொட்டுற காசை விட, மாசாமாசம் தவறாம வர்ற சின்ன தொகை ஒரு அமைப்புக்கு பெரிய பலம், அதை நம்பி ஒரு நர்ஸை வேலைக்கு எடுக்கலாம்.

காசு நின்னுட்டா என்ன ஆகும்?

இதை ஆரம்பத்துலயே கேட்கணும். கேட்ஸ் பவுண்டேஷனே 2045ல மூடிடுவோம், அதுக்குள்ள 20,000 கோடி டாலர் செலவு பண்ணிடுவோம்னு 2025ல அறிவிச்சுட்டாங்க. ஏழை நாடுகளுக்கு தடுப்பூசி கிடைக்க உதவுற கேவி கூட்டணி 2000ல கேட்ஸ் பவுண்டேஷன் குடுத்த 75 கோடி டாலரோட ஆரம்பிச்சது, அதுல ஒரு நல்ல வழக்கம் உண்டு, ரொம்ப ஏழை நாடு கூட தடுப்பூசிச் செலவுல கொஞ்சம் தன் பட்ஜெட்ல இருந்து போடணும், நாட்டோட வருமானம் ஏற ஏற அந்த பங்கு ஏறும், கடைசியில முழுசும் அவங்களே வாங்குவாங்க. அரசு பட்ஜெட்ல ஒரு வரியா ஏறாத எந்தத் திட்டமும் கடைசி தவணையோட முடிஞ்சு போற ஆபத்துல இருக்கு.

எங்க அமைப்பை தேடி முதல் தடவையா ஒரு கம்பெனி வந்திருக்கு, என்ன பேசுறது?

சந்தோஷமா பேசுங்க, ஆனா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரு நாள் டைம் எடுத்துக்கிட்டு உங்க நர்ஸ், உங்க கணக்காளர் ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒப்பந்தத்தை படிங்க. நோயாளி போட்டோ எடுக்கணும்னு இருந்தா, அவங்க சம்மதிக்கலன்னாலும் சிகிச்சை நிக்காதுன்னு எழுதி வாங்குங்க. நோயாளி விவரம் கம்பெனிக்கு போகக்கூடாது, எண்ணிக்கை மட்டும் போகலாம். கம்பெனி விக்கிற பொருளுக்கும் நீங்க பார்க்குற நோய்க்கும் சம்பந்தம் இருந்தா வேண்டாம்னு சொல்ல தயங்காதீங்க. ரிப்போர்ட் எழுத ஆகுற நேரத்துக்கும் பட்ஜெட்ல ஒரு வரி போடுங்க. நிறுத்துறதா இருந்தா ஆறு மாசம் முன்னாடி எழுத்துல சொல்லணும், அந்த ஆறு மாசமும் சம்பளமும் மருந்தும் தடைபடக்கூடாதுன்னு ஒரு ஷரத்து கேளுங்க. எங்க அமைப்புல இதை சேர்க்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஒரு கம்பெனி விலகினப்ப, பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்களை அரசு ஆஸ்பத்திரி பட்டியல்ல ஒவ்வொருத்தரா சேர்த்து விட சரியா அந்த ஆறு மாசம் தேவைப்பட்டுச்சு.